செம்மறித் தோல் பூட்ஸ்: எந்த அளவில் வாங்குவது, எப்படிப் பராமரிப்பது?

பாதத்தின் நீளம் 243 மில்லிமீட்டர் என்றால் ஐரோப்பிய அளவில் 38 எடுப்பதா, 39 எடுப்பதா; முன்பு வாங்கிய ஒரு ஜோடி சில வாரங்களிலேயே தொளதொளவென்று ஆனது ஏன்; மழையில் நனைந்து திட்டுத்திட்டாகக் கறை படிந்த பூட்ஸை எப்படிச் சுத்தம் செய்வது: எனக்கு வந்த ஒரு கேள்வியில் இவை மூன்றும் தனித்தனியாகக் கேட்கப்பட்டுள்ளன. பெரும்பாலான பாதங்களுக்கு 38 போதும் என்பது சுருக்கமான பதில். ஆனால் மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. செம்மறித் தோல் பூட்ஸுக்குச் செய்யக்கூடிய முதல் பராமரிப்பே சரியான அளவில் வாங்குவதுதான். தொளதொளப்பான பூட்ஸை எவ்வளவு நல்ல தூரிகையாலும் திரவத்தாலும் காப்பாற்ற முடியாது. அதனால் அந்தப் பொருள் எப்படி அமைந்திருக்கிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

உண்மையான செம்மறித் தோல் பூட்ஸில் உள்ளே இருக்கும் கம்பளியும் வெளியே தெரியும் தோலும் தனித்தனியே செய்து ஒட்டப்பட்டவை அல்ல. ஆட்டின் தோலை ரோமத்தோடு சேர்த்தே பதனிட்டு, ரோமத்தை ஒரே உயரத்துக்குக் கத்தரித்து, தோலின் சதைப்பக்கத்தைத் தேய்த்து மென்மையாக்கி, அந்தப் பக்கத்தை வெளியே வைத்துத் தைக்கிறார்கள். நாம் ஸ்வேட் என்று தொட்டுப் பார்ப்பது அந்தச் சதைப்பக்கம்தான். தோல் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனது. கம்பளி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. இரண்டும் ஒரே துண்டில் வேரோடு இணைந்திருப்பதால், வெளிப்புறத்துக்குச் செய்யும் எந்த வைத்தியமும் உட்புறத்தையும் தொடும், உட்புறத்துக்குச் செய்வது வெளிப்புறத்தையும் தொடும். கம்பளியைத் துவைக்கிற முறையில் தோலைத் துவைத்தால் தோல் கெடும். தோல் செருப்புக்குப் பூசுகிற மெழுகைப் பூசினால் ஸ்வேட்டின் மென்மயிர் படிந்து வழவழப்பாகிவிடும்.

வாங்குமுன் இதை உறுதிசெய்துகொள்வது நல்லது, ஏனெனில் அளவைப் பற்றி நான் கீழே சொல்வதெல்லாம் உண்மையான தோலுக்கே முழுமையாகப் பொருந்தும். பூட்ஸின் மேல்விளிம்பில் கம்பளியை இரு விரல்களால் வகிர்ந்து பாருங்கள். ரோமம் தோலிலிருந்தே முளைத்திருந்தால் அது செம்மறித் தோல். அடியில் நெய்த துணியோ பின்னல் வலையோ தெரிந்தால், உண்மையான கம்பளியாகவே இருந்தாலும் அதைத் துணியில் ஏற்றி உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று பொருள். செயற்கை இழையாக இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், உதிர்ந்த ஒரு சிறு இழையை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம்: கம்பளி, முடி கருகும் நாற்றத்தோடு கரியாகிப் பொடியும், செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாகச் சுருளும். செயற்கை இழை ஒருமுறை படிந்துவிட்டால் பெரும்பாலும் எழுவதில்லை, வியர்வையையும் உறிஞ்சாது. அத்தகைய பூட்ஸைச் சற்றே இறுக்கமாக வாங்குவதில் பலன் குறைவு.

இனி அளவு. புதிய பூட்ஸின் கம்பளி பொதுவாக ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரம் இருக்கும். அணியத் தொடங்கியதும் உடல் எடை முழுவதும் விழுகிற உள்ளங்காலின் கீழே அது விரைவில் அமுங்குகிறது. பக்கங்களிலும் புறங்காலின் மேலும் மெதுவாக அமுங்குகிறது. ஆகவே புதிதாக இருக்கும்போது நிரம்பியிருந்த இடம் சில வாரங்களில் காலியாகிறது. இங்கே பலரும் கவனிக்கத் தவறுவது என்னவென்றால், இந்தக் கூடுதல் இடம் அகலத்திலும் உயரத்திலும்தான் அதிகம் கிடைக்கிறது, நீளத்தில் அவ்வளவு கிடைப்பதில்லை. தோல் குறுக்கே ஓரளவு நெகிழும். ஆனால் அடிப்பாகத்தோடு ஒட்டப்பட்டு, தைக்கப்பட்டிருப்பதால் நீளவாக்கில் நெகிழ வழியில்லை. முனையில் உள்ள கம்பளி அமுங்குவதால் கிடைக்கும் சில மில்லிமீட்டர்தான் நீளத்தில் கிடைக்கும் லாபம். எனவே புதிய பூட்ஸ் அகலத்தில் இறுகிப் பிடித்தால் கவலை வேண்டாம், நீளத்தில் விரல்களை மடக்கினால் அதை வாங்க வேண்டாம். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால் கடையில் வரும் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

பாதத்தை அளப்பதற்கு மாலை நேரமே ஏற்றது, நாள் முழுவதும் நடந்து நின்ற பாதம் காலையில் இருந்ததைவிடச் சற்றுப் பெருத்திருக்கும். சுவரில் குதிகால் படும்படி ஒரு தாளின் மேல் நின்றுகொண்டு, மிக நீண்ட விரலின் நுனியில் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் குறியிட்டு, அந்தத் தூரத்தை மில்லிமீட்டரில் எடுக்க வேண்டும். உட்கார்ந்தபடி அளந்தால் எடை விழாது, நீளம் குறைவாகவே வரும். சிலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாம் விரல் நீளமாக இருக்கும். அப்படியானால் அதையே கணக்கில் கொள்ள வேண்டும். இரு பாதங்களும் சமமாக இருப்பது அரிது, ஆகவே இரண்டையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மில்லிமீட்டரில் அளக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பிய அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 6.7 மில்லிமீட்டர் வேறுபாடு. பிரிட்டன், அமெரிக்க முறைகளில் ஒரு முழு எண்ணுக்கு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். அமெரிக்கப் பெண்கள் அளவு பிரிட்டன் அளவைவிடச் சுமார் 2 எண்ணும், ஆண்கள் அளவு சுமார் 1 எண்ணும் கூடுதலாக இருக்கும். இவற்றில் ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது மீதி எங்கோ ஓரிடத்தில் மேலாகவோ கீழாகவோ முழுமையாக்கப்படுகிறது. அதனாலேயே இரு நிறுவனங்களின் 38 ஒன்றாக இருப்பதில்லை. மேலும் ஐரோப்பிய எண் குறிப்பது பாதத்தின் நீளத்தை அன்று, பூட்ஸ் தைக்கப்படும் பாத வடிவ அச்சின் நீளத்தை. 38 என்றால் அச்சு சுமார் 253 மில்லிமீட்டர். அதில் பொருந்தும் பாதம் ஏறக்குறைய 240. அட்டவணையில் சென்டிமீட்டர் போட்டிருந்தால், அது பாதத்தின் நீளமா, பூட்ஸின் உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் தகடான இன்சோலின் நீளமா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இணையத்தில் வாங்கித் திருப்பி அனுப்பப்படும் பூட்ஸ் பலவற்றின் பின்னால் இந்தக் குழப்பம்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

செம்மறித் தோல் பூட்ஸ் பலவற்றில் அரை அளவுகள் கிடையாது. எனவே 243 மில்லிமீட்டர் பாதம் இரண்டு எண்களுக்கு நடுவே விழுகிறது. இந்த நிலையில் சராசரி அகலமுள்ள பாதத்துக்குக் கீழ் எண்ணையே, அதாவது 38ஐயே நான் பரிந்துரைப்பேன். விதிவிலக்குகள் உண்டு. கயிறோ பட்டையோ இல்லாமல் இழுத்து மாட்டுகிற பூட்ஸில் பாதத்தைப் பிடித்து வைத்திருப்பது புறங்காலின் மேல்பகுதிதான். புறங்கால் உயர்ந்திருப்பவர்களுக்குக் கீழ் எண் நுழையும்போதே வலிக்கும், கம்பளி அமுங்கினாலும் அழுத்தம் முழுவதும் போகாது. மருத்துவர் தந்த தனி இன்சோலை உள்ளே வைத்து நடப்பவர்களுக்கும் மேல் எண்ணே பொருந்தும். தடித்த காலுறையோடுதான் அணிவேன் என்பவர்களும் மேல் எண்ணுக்குப் போகலாம், ஆனால் அந்தப் பழக்கத்தையே மறுபடி யோசிக்கச் சொல்வேன். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை ஈரமென்று தோன்றாதபடி தன்னுள் வாங்கிக்கொள்ளக்கூடியது. வெறுங்காலோடு அணியும்போதுதான் அந்த வேலையை அது நேராகச் செய்கிறது. இடையில் பருத்திக் காலுறை வந்தால் வியர்வை அதிலேயே தங்கிக் குளிர்கிறது. காலுறை வேண்டுமென்றால் மெல்லிய கம்பளிக் காலுறை போதும்.

போட்டுப் பார்க்கும்போது எதை உணர வேண்டும்? விரல்கள் நேராக நீண்டு, அவற்றின் நுனி கம்பளியை மெல்லத் தொட வேண்டும். நகத்தில் அழுத்தம் இருக்கக் கூடாது. பாதத்தைச் சுற்றிலும் ஒரே சீரான பிடிப்பு இருக்க வேண்டும், ஓரிடத்தில் மட்டும் கிள்ளுவதுபோல் இருந்தால் அது அளவின் கோளாறு அன்று, வடிவத்தின் கோளாறு. வேறு மாதிரியைப் பார்ப்பதே சரி. நடக்கையில் குதிகால் மிகச் சிறிதளவு எழும்புவது இயல்பு, ஏனெனில் அடிப்பாகம் இன்னும் வளையப் பழகவில்லை. ஒவ்வோர் அடியிலும் பாதம் முன்னும் பின்னும் நழுவினால் பூட்ஸ் பெரியது. சாய்வான தளத்திலோ படிக்கட்டிலோ இறங்கிப் பாருங்கள். விரல்கள் முனையில் போய் முட்டினால் சிறியது அல்லது பாதம் நழுவுகிறது. இரண்டில் எது என்பது குதிகாலின் பின்னே விரலை நுழைத்துப் பார்த்தால் தெரியும்: அங்கே தாராளமாக இடம் இருந்தால் பாதம்தான் நழுவியிருக்கிறது.

புதிதில் இறுக்கமாக வாங்குங்கள் என்ற அறிவுரை எல்லோருக்கும் உரியதன்று. நீரிழிவாலோ வேறு நரம்புக் கோளாறாலோ பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், கால் அடிக்கடி வீங்குகிறவர்கள் முதல் நாளிலிருந்தே வசதியாக இருக்கும் அளவையே எடுக்க வேண்டும். அவர்களுக்கு வலி எச்சரிக்கை தராது, புண் வந்த பிறகே தெரியவரும். குழந்தைகளுக்கு வளர இடம் விட்டுத்தான் வாங்கியாக வேண்டும், ஆனால் இரண்டு எண் பெரிதாக வாங்கிவிட்டால் அவர்கள் பூட்ஸை இழுத்துக்கொண்டு நடப்பார்கள். ஓர் எண் பெரிதாக வாங்கி, சில மாதங்களுக்கு ஒருமுறை பாதத்தை அளந்து பார்ப்பது போதும்.

முன்பு வாங்கிய ஜோடி சில வாரங்களில் தொளதொளத்ததற்கு இப்போது காரணம் தெரிந்திருக்கும். கம்பளி இழை ஒவ்வொன்றின் மேலும் நுண்ணிய செதில்கள் ஒரே திசை நோக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. சூடும் ஈரமும் உராய்வும் ஒன்றுசேர்ந்தால் அச்செதில்கள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு, இழைகள் இறுகித் தகடுபோல் ஆகிவிடும். பெரிய பூட்ஸுக்குள் பாதம் ஒவ்வோர் அடியிலும் நழுவித் தேய்க்கிறது. வியர்வையின் ஈரமும் உடலின் சூடும் அங்கேயே இருக்கின்றன. ஆக, பூட்ஸ் பெரிதாக இருந்தால் கம்பளி வேகமாகத் திரைந்து கெட்டியாகிறது, அதனால் இடம் மேலும் கூடுகிறது, நழுவல் மேலும் கூடுகிறது. பிடிப்பில்லாத குதிகால் பின்சுவரை மிதித்து மடக்குகிறது. பூட்ஸ் உட்புறமாகச் சாய்ந்து, அடிப்பாகம் ஒரு பக்கமே தேய்கிறது. இந்நிலைக்கு வந்துவிட்ட ஜோடிக்குப் புதிய செம்மறித் தோல் இன்சோல் ஒன்றை வைத்தால் உயரமும் பிடிப்பும் ஓரளவு திரும்பும். தடித்த காலுறையால் இடத்தை நிரப்புவது உராய்வை நிறுத்தாது.

பராமரிப்பில் முதல் வேலை, முதல் முறை அணிவதற்கு முன்பே நடக்க வேண்டியது: ஸ்வேட்டுக்கென்றே தயாரிக்கப்பட்ட நீர்விலக்கித் தெளிப்பானை அடித்தல். திறந்த வெளியில், 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, மெல்லிய இரண்டு பூச்சுகளாகத் தெளித்து, முழு நாள் உலரவிட வேண்டும். மூடிய அறையில் தெளிக்க வேண்டாம். அந்த நுண்துளிகளைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு. தெளிப்பதற்கு முன் கண்ணில் படாத ஓரிடத்தில் சோதித்தால் நிறம் மாறுமா என்பது தெரிந்துவிடும். இந்தப் பூச்சு நீரை மணிமணியாக உருட்டித் துடைக்க நேரம் கொடுக்குமேயன்றி, பூட்ஸை மழைக்காலணியாக்காது. தையல்களின் வழியே நீர் புகும். தேங்கிய நீரிலும் உருகும் பனியிலும் நடக்க இவை ஏற்றவை அல்ல. தொடர்ந்து அணிந்தால் பூச்சு தேயும். ஒவ்வொரு முழுச் சுத்தத்துக்குப் பின்னும் மீண்டும் தெளிக்க வேண்டும்.

நனைந்துவிட்டால் சூட்டைத் தவிர்ப்பதே எல்லாவற்றிலும் முக்கியம். ஈரமான கொலாஜன் சூட்டில் சுருங்கி விறைக்கிறது, தோலின் மென்மைக்குக் காரணமான எண்ணெய்ப் பசையும் இடம்பெயர்கிறது. அப்படி விறைத்த தோல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஹீட்டர், அடுப்பு, முடி உலர்த்தி, நேர் வெயில் ஆகிய நான்கையும் விலக்குங்கள். உலர்ந்த துணியால் ஒற்றி நீரை எடுத்து, உள்ளே வெள்ளைத் தாளையோ துண்டையோ திணித்து வடிவத்தை நிமிர்த்தி வையுங்கள். அச்சடித்த செய்தித்தாள் வேண்டாம், வெளிர்நிறக் கம்பளியில் மை ஏறும். தாள் நனைந்ததும் மாற்றி, நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் 24 முதல் 48 மணி நேரம் விட வேண்டும். குளிர்ந்த காற்று தரும் மின்விசிறி உதவும். உலர்ந்தபின் சற்று முரடாகத் தோன்றும் ஸ்வேட், தூரிகையால் வருடினால் மென்மைக்கு வந்துவிடும்.

திட்டுத்திட்டான நீர்க்கறைக்கு வருகிறேன். ஓரிடம் மட்டும் நனையும்போது, அங்குள்ள சாயமும் உப்பும் தூசும் நீரில் கரைந்து, ஈரத்தின் விளிம்பு வரை பரவி, நீர் ஆவியாகும்போது அந்த விளிம்பிலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே கறை படிந்த இடத்தை மட்டும் தேய்த்துக் கழுவினால் புதிய விளிம்பு ஒன்று உருவாகிறது. கறை இன்னும் பெரிதாவதே மிச்சம். முதலில் நன்றாக உலரவிட்டு ஸ்வேட் தூரிகையால் ஒரே திசையில் வருடிப் பாருங்கள். இலேசான கறைகள் இதிலேயே போய்விடும், ஸ்வேட் அழிப்பான் இருந்தால் இன்னும் எளிது. அதிலும் போகவில்லையென்றால், பூட்ஸின் வெளிப்புறம் முழுவதையும், இரண்டு காலையும், குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒரே சீராக ஈரமாக்க வேண்டும். நனைந்து சொட்டக் கூடாது, ஈரம் எங்கும் சமமாக இருக்க வேண்டும். பிறகு செம்மறித் தோலுக்கான திரவத்தைப் பஞ்சில் எடுத்து மென்மையாக வட்டமிட்டுத் துடைத்து, சுத்தமான ஈரப் பஞ்சால் அதை எடுத்துவிட்டு, முன்பு சொன்னபடி உலர்த்துங்கள். விளிம்பே இல்லாமல் எல்லாம் ஒன்றாக உலர்வதால் கறையும் தெரியாது.

திரவத்தைத் தேர்வதில் கவனம் தேவை. பதனிட்ட தோல் சற்று அமிலத்தன்மை உடையது, கம்பளியும் காரத்தைத் தாங்காது; எனவே துணிச் சோப்பும் பாத்திரம் துலக்கும் திரவமும் பொருந்தா. கறை நீக்கும் நொதி கலந்த துணி சோப்புத்தூள் இன்னும் ஆபத்தானது: புரதத்தைச் சிதைப்பதற்காகவே அந்த நொதி சேர்க்கப்பட்டிருக்கிறது, பூட்ஸ் முழுவதும் புரதம். குளோரின் வெளுப்பான் கம்பளியைக் கரைத்துவிடும். செம்மறித் தோலுக்கான திரவம் கிடைக்காவிட்டால் கம்பளிக்கென்றே விற்கப்படும் நொதியில்லாத மென்திரவத்தை மிக நீர்க்கப் பயன்படுத்தலாம். சலவை இயந்திரத்தில் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தயாரிப்பாளரின் குறிப்பு வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய, கூடாது. சூடு, ஈரம், உராய்வு என்று கம்பளியைக் கெடுக்கும் மூன்றையும் அந்த இயந்திரம் ஒரே சமயத்தில் தருகிறது, தோலும் முழுவதும் ஊறி உருக்குலைகிறது.

மற்ற கறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சேற்றை ஈரமாக இருக்கையில் தொடாமல், காய்ந்தபின் தட்டித் தூரிகையால் எடுக்க வேண்டும். எண்ணெய் பட்டால் நீர் வேண்டாம். சோளமாவையோ வெள்ளைச் சாக்பீஸ் பொடியையோ தூவி ஓர் இரவு விட்டுத் தட்டிவிட்டு, தேவைப்பட்டால் மீண்டும் செய்யுங்கள். பனிச் சாலைகளில் போடும் உப்பின் வெண்கோடுகளுக்கு, ஒரு பங்கு வெள்ளை வினிகரும் இரண்டு பங்கு நீரும் கலந்து துணியில் ஒற்றித் துடைத்தால் போகும். மை, சாயம் போன்றவற்றைத் தொழில்முறைச் சுத்திகரிப்பாளரிடம் விடுவதே நல்லது.

உட்புறத்தை ஈரமாக்காமல் காப்பதே நோக்கம். ஒரு நாள் அணிந்தால் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். கம்பளி வாங்கிய ஈரம் வெளியேற அவ்வளவு நேரம் வேண்டும், வெளியேறாத ஈரத்தில்தான் பாக்டீரியா பெருகி நாற்றம் பிறக்கிறது. நாற்றம் வந்துவிட்டால் சமையல் சோடாவும் சோளமாவும் சம அளவில் கலந்து ஓரிரு தேக்கரண்டி உள்ளே தூவி, குலுக்கி, இரவு முழுவதும் விட்டு, காலையில் நன்றாக உதறிவிடுங்கள். முழுவதும் உதறுவது முக்கியம், தங்கிய சோடா வியர்வையோடு சேர்ந்து கம்பளியில் காரத்தை ஏற்றும். படிந்த கம்பளியை, முழுவதும் தகடாகும் முன், செல்லப்பிராணிகளுக்கான கம்பித் தூரிகையால் மெல்லக் கிளறி எழுப்பலாம்.

குளிர்காலம் முடிந்து எடுத்து வைக்கும்போது அழுக்கோடு வைக்காதீர்கள். கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு. வியர்வையும் அழுக்கும் படிந்த கம்பளியையே அது முதலில் நாடும். சுத்தம் செய்து, முழுவதும் உலர்த்தி, தாளால் வடிவம் கொடுத்து, காற்று புகும் துணிப்பையில் கட்டி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டினால் மிச்ச ஈரம் வெளியேறாமல் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்தைத் தாண்டும் இடங்களில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உள்ளே போட்டு அவ்வப்போது மாற்ற வேண்டும். அந்துருண்டையை நான் விரும்புவதில்லை, அதன் வாடை கம்பளியில் ஏறினால் மாதக்கணக்கில் போகாது, அதை நாள்தோறும் சுவாசிப்பதும் நல்லதன்று. பூச்சி ஏற்கெனவே வந்துவிட்டதென்றால், நன்றாக உலர்ந்த பூட்ஸைப் பையில் காற்று போகாமல் கட்டி, உறைவிப்பானில் பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறை வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருங்கள், இல்லையேல் குளிர்ந்த தோலின் மேல் ஈரம் படியும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாகத் தேய்வது குதிகாலின் கீழே உள்ள கம்பளி. அங்கே தோல் தெரியத் தொடங்கியதும் காத்திருக்க வேண்டாம், இன்சோலை மாற்றிவிடுங்கள். கழற்றக்கூடியதாக இருந்தால் பழையதைத் தாளில் வைத்து வரைந்து, அதே வடிவில் புதிய செம்மறித் தோலைக் கத்தரிக்கலாம். கத்தரிக்கோலால் வெட்டினால் ரோமமும் சேர்ந்து அறுபடும், ஆகவே தோல்புறத்தை மேலே வைத்துக் கூரான கத்தியால் தோலை மட்டும் கீறிப் பிரியுங்கள். புதிய இன்சோல் வைத்த முதல் சில நாட்கள் பூட்ஸ் மீண்டும் இறுக்கமாக இருக்கும், பிறகு பழைய பொருத்தத்துக்கு வந்துவிடும்.